எதை எழுதுவது, எதைப் பேசுவது: பிரித்தானிய, அமெரிக்க ஆங்கில வேறுபாடுகளைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கும், எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வை முடித்துவிட்டு வேலைக்கு மனுப்போடும் இளையோருக்கும் மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடம் பல நேரங்களில் இலக்கணம் அன்று. பாடநூல் ஒரு சொல்லை ஒரு விதமாக எழுத்துக்கூட்டுகிறது, கைப்பேசி அதை வேறு விதமாகத் திருத்துகிறது, கடைத்தெருப் பலகையில் மலாய் வடிவம் நிற்கிறது, யூடியூபில் கேட்ட உச்சரிப்போ இவை எதனோடும் ஒத்துப்போவதில்லை. இந்த நான்கும் ஒரே கட்டுரைக்குள் கலந்து வந்து விழுகின்றன.

கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். முதலில் எழுத்து, அடுத்து நாக்கு, கடைசியில் செவி. பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். அமெரிக்கர் போலப் பேசிப் பார்ப்பதில் இரண்டு மாதம் செலவழித்துவிட்டு, எழுத்துத் தாளில் அடிப்படைச் சொற்களிலேயே மதிப்பெண்ணை இழக்கிறார்கள். எழுத்துக்கூட்டலைச் சில வாரங்களில் சீர்செய்துவிடலாம். நாக்கின் பழக்கம் மாறுவதற்குக் காலம் பிடிக்கும்.

ஆங்கில எழுத்துகளை இங்கே அவற்றின் பெயராலேயே குறிப்பிடுகிறேன். கடைசி எழுத்தை நாம் பள்ளியில் சொல்வது போல 'ஸெட்' என்கிறேன். அமெரிக்கர் அதை 'ஸீ' என்பர்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கத்தில் நாம் எழுதப்போகும் வடிவம். வலப்பக்கத்தில் பார்த்தால் புரிந்துகொள்ள வேண்டிய, ஆனால் நாம் எழுதக் கூடாத வடிவம். இரண்டையும் ஒரே வரியில் சாய்கோடு போட்டு எழுதிவைப்பவர்களுக்குத் தேர்வறையில் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. எது நம்முடையது என்பது மட்டும் வருவதில்லை.

இரண்டாவதாக, பிரித்தானிய ஒலிப்பதிவையும் அமெரிக்க ஒலிப்பதிவையும் தனித்தனியே தரும் அகராதி ஒன்று வேண்டும். கேம்பிரிட்ஜ் இணைய அகராதி இதற்குப் போதும், கட்டணம் இல்லை.

மூன்றாவதாக, கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்யும் செயலி. நம் குரலை நாமே திரும்பக் கேட்காமல் உச்சரிப்பைத் திருத்த முடியாது. பேசும்போது காது நாம் சொல்ல நினைத்ததைக் கேட்கிறதே தவிர, வாயிலிருந்து வந்ததைக் கேட்பதில்லை.

2. யாருக்காக எழுதுகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்

இது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் பின்னால் எல்லாமே குழம்பும்.

எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடம், எண் 1119, வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கு தாள்களாக நடக்கிறது. நம் பள்ளிகளில் கற்பிக்கப்படுவது பிரித்தானிய எழுத்துக்கூட்டல். ஆகவே எஸ்.பி.எம். எழுதுபவருக்கும், அதன்பின் பல்கலைக்கழகத்துக்காக மூயெட் தேர்வு எழுதுபவருக்கும் இதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை: இடப்பக்கம் முழுவதும் பிரித்தானிய வடிவமே இருக்க வேண்டும்.

ஐயெல்ட்ஸ் என்னும் அனைத்துலக ஆங்கிலத் தேர்வில் பிரித்தானிய எழுத்துக்கூட்டலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலும் ஏற்கப்படுகின்றன. ஆனால் ஒரே விடைக்குள் இரண்டையும் கலக்காமல் இருப்பதே பாதுகாப்பு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ அமெரிக்க நிறுவனத்துக்கோ எழுதுபவர் குறிப்பேட்டின் இரு பக்கங்களையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்திரேலியா பெரும்பாலும் பிரித்தானிய வழியில் செல்கிறது. கனடாதான் இரண்டு படகிலும் கால் வைத்திருக்கிறது: 'கலர்' என்ற சொல்லில் யூவை வைத்துக்கொள்ளும், 'சென்டர்' என்பதை ஆர்-ஈ என முடிக்கும், ஆனால் வண்டிச் சக்கரத்து 'டயர்' என்பதை அமெரிக்கர் போல ஐ போட்டு எழுதும்.

ஒரு விதிவிலக்கை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களின் பெயர்களையும் இடங்களின் பெயர்களையும் நம் விருப்பப்படி மாற்றக் கூடாது. ஹவாயில் உள்ள 'பேர்ல் ஹார்பர்' யூ இல்லாமல்தான் எழுதப்படும். ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியின் பெயரில் 'லேபர்' என்ற சொல்லுக்கு யூ இல்லை, அந்நாட்டு வழக்கில் அதே சொல்லுக்கு யூ இருந்தபோதிலும். ஜெனிவாவில் உள்ள அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் பெயரோ இன்னும் வேடிக்கையானது: 'லேபர்' என்பதில் யூவும், 'ஆர்கனைசேஷன்' என்பதில் ஸெட்டும் சேர்ந்தே நிற்கின்றன. மே தினக் கட்டுரையில் அந்த ஸெட்டை எஸ்ஸாகத் 'திருத்திய' மாணவர் தவறு செய்தவராகிறார்.

3. கைப்பேசியையும் கணினியையும் முதலில் பணிய வையுங்கள்

எழுத்துக்கூட்டலைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பல கருவிகள் அமெரிக்க ஆங்கிலத்தோடுதான் கைக்கு வருகின்றன. நீங்கள் சரியாக எழுதிய சொல்லின் அடியில் சிவப்புக் கோடு விழும். மாணவர் தன்னை நம்பாமல் கோட்டை நம்புவார்.

கைப்பேசியில் விசைப்பலகையின் அமைப்புக்குள் சென்று மொழிகள் பகுதியில் ஆங்கிலம், ஐக்கிய இராச்சியம் என்பதைச் சேர்த்துவிட்டு, அமெரிக்க ஆங்கிலத்தை நீக்குங்கள். சேர்ப்பதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் இருந்தால் கருவி இரண்டையும் சரியென ஏற்றுக்கொள்ளும், கலப்பு பிடிபடாது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதுபவர் கட்டுரை முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதன் பிறகே சரிபார்ப்பு மொழியை மாற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் சுட்டி நிற்கும் இடத்துக்கு மட்டுமே புதிய மொழி பொருந்தும். மொழியைத் தானாகக் கண்டறியும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். தமிழ்ப் பெயர்களும் மலாய் ஊர்ப்பெயர்களும் நிறைந்த கட்டுரையில் அது அடிக்கடி தடுமாறுகிறது.

4. எழுத்துக்கூட்டலைக் குடும்பம் குடும்பமாகப் பிடியுங்கள்

தனித்தனிச் சொற்களாக மனனம் செய்ய முயல்பவர் நாற்பதாவது சொல்லில் களைத்துவிடுகிறார். வேறுபாடுகளில் பெரும்பகுதி ஐந்து குடும்பங்களுக்குள் அடங்கும். வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டைச் சேர்த்துப் படித்தால் ஒன்றின் விதி மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும்.

முதல் குடும்பம் ஓ-யூ-ஆர். கலர், லேபர், நெய்பர், ஹானர், ஃபிளேவர் ஆகியவை நமக்கு யூவோடு முடியும். அமெரிக்கர் யூவை விட்டுவிடுவர். இதைக் கற்ற மறுநாளே மாணவர் செய்யும் பிழை, கண்ட இடத்திலெல்லாம் யூவைச் செருகுவது. 'டாக்டர்' என்பதற்குள் யூ வைத்த விடுப்புக் கடிதங்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். டாக்டர், ஆக்டர், எடிட்டர், டெய்லர், கான்டிராக்டர் எனத் தொழிலைக் குறிக்கும் பெயர்கள் எந்த நாட்டிலும் யூ ஏற்பதில்லை. எரர், மிரர் ஆகியவற்றுக்கும் யூ கிடையாது.

இதே குடும்பத்தில் இன்னொரு குழி இருக்கிறது. 'ஹியூமர்' என்ற சொல்லுக்கு யூ உண்டு. ஆனால் அதிலிருந்து பிறக்கும் 'ஹியூமரஸ்' என்பதில் நடுவிலுள்ள யூ பிரித்தானியத்திலும் விழுந்துவிடும். விகரஸ், லபோரியஸ், கிளாமரஸ், ஹானரரி ஆகியவையும் அப்படியே. மாறாக, கலர்ஃபுல், ஹானரபில், ஃபேவரிட் ஆகியவற்றில் யூ நிலைத்திருக்கும். லத்தீன் வழி வந்த விகுதி பின்னால் ஒட்டும்போது பழைய லத்தீன் வடிவம் தலைகாட்டுகிறது என்பதே காரணம். ஓ-யூ-எஸ் ஒட்டினால் முன்னால் இருக்கும் யூவை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் மாணவருக்குச் சொன்னால் போதும்.

இரண்டாம் குடும்பம் ஆர்-ஈ. சென்டர், தியேட்டர், ஃபைபர், லிட்டர் ஆகியவை நமக்கு ஆர்-ஈ என முடியும், அமெரிக்கருக்கு ஈ-ஆர். இங்கே சிக்கல் 'மீட்டர்' என்ற சொல்லில்தான் வருகிறது. அளவின் அலகாக இருந்தால் ஆர்-ஈ: மீட்டர், கிலோமீட்டர், சென்டிமீட்டர். அளக்கும் கருவியாக இருந்தால் ஈ-ஆர்: வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், தோட்டத்தில் ரப்பர்ப் பாலின் அடர்த்தியைப் பார்க்கப் பயன்படும் ஹைட்ரோமீட்டர் வகைக் கருவி. கணக்குப் பாடத்து டயமீட்டரும் பெரிமீட்டரும் அலகுகள் அல்ல என்பதால் ஈ-ஆர் என்றே முடியும். அமெரிக்கருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுக்கு அனைத்தும் ஈ-ஆர்.

'ஏக்கர்' உலகம் முழுவதும் ஆர்-ஈ. தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் எழுதும் சொல் அது என்பதால் தனியே சொல்கிறேன். அதன் நடுவில் உள்ள சி எழுத்துக்கு அடுத்து ஈ வந்தால் 'ஏசர்' என்று படிக்க நேரும். ஆகவே அமெரிக்கரும் அதைத் தொடவில்லை.

மூன்றாம் குடும்பம் எஸ்ஸா, ஸெட்டா என்பது. ஆர்கனைஸ், ரியலைஸ், ஃபெர்ட்டிலைசர் போன்றவற்றில் நாம் எஸ் எழுதுகிறோம், அமெரிக்கர் ஸெட் எழுதுகின்றனர். ஸெட்டைக் கண்டவுடன் 'அமெரிக்கப் பிழை' என்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அது சரியன்று. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு ஸெட்டையே முதல் வடிவமாகத் தருகின்றன, ஐக்கிய நாடுகள் அமைப்பும் அவ்வாறே எழுதுகிறது. இருந்தாலும் மாணவருக்கு எஸ் என்றே தேர்ந்து கொடுக்கிறேன். மலாயில் 'ஆர்கானிசாசி', 'குளோபலிசாசி' என எஸ் போட்டே எழுதிப் பழகிய கை அது; பழக்கத்தோடு சண்டையிட வேண்டியதில்லை.

இதிலும் எல்லை தெரிய வேண்டும். அட்வர்டைஸ், சர்ப்ரைஸ், எக்சர்சைஸ், அட்வைஸ், சூப்பர்வைஸ் ஆகியவை எந்த நாட்டிலும் எஸ் எழுத்தையே பெறும். சைஸ், கைப்பற்றுவதைக் குறிக்கும் சீஸ், பரிசைக் குறிக்கும் பிரைஸ் ஆகியவை எந்த நாட்டிலும் ஸெட்டையே பெறும். 'அனலைஸ்' பிரித்தானியத்தில் ஒய்-எஸ்-ஈ. ஆக்ஸ்ஃபோர்டு வழக்கிலும் அதற்கு ஸெட் இல்லை.

நான்காம் குடும்பத்தில் சொற்கள் சிலவே, ஆனால் பிழை மிக அதிகம். 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டும் பிரித்தானியத்தில் பெயர்ச்சொல்லாக வந்தால் சி-ஈ, வினைச்சொல்லாக வந்தால் எஸ்-ஈ. அமெரிக்கர் 'பிராக்டிஸ்' என்பதற்கு இரண்டிடத்திலும் சி, 'லைசென்ஸ்' என்பதற்கு இரண்டிடத்திலும் எஸ். ஒலியில் வேறுபாடு இல்லாததால் காது உதவாது. அதற்கு ஒரு வழி: அந்த இடத்தில் 'அட்வைஸ்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். பெயராக வரும் 'அட்வைஸ்' சி எழுத்தோடு 'ஸ்' என அழுத்தமாக முடியும். வினையாக வருவது எஸ் எழுத்தோடு அதிர்வொலியாக முடியும். எது பொருந்துகிறதோ அதன் எழுத்தையே எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் ஒரு பொருள், ஆகவே சி.

ஐந்தாம் குடும்பம் இரட்டை எல். டிராவலிங், கேன்சல்ட், லேபல்ட் ஆகியவற்றில் நாம் எல் எழுத்தை இரட்டிக்கிறோம். அழுத்தம் கடைசி அசையில் விழாததால் அமெரிக்கர் இரட்டிப்பதில்லை. 'கன்ட்ரோல்ட்' என்பதில் அழுத்தம் கடைசி அசையில் விழுவதால் இருவருமே இரட்டிக்கின்றனர். இதைக் கற்ற மாணவர், எல் அதிகம் இருப்பதெல்லாம் பிரித்தானியம் என்று முடிவுகட்டிவிடுகிறார். என்ரோல், ஃபுல்ஃபில், ஸ்கில்ஃபுல் ஆகியவை அதற்கு நேர்மாறானவை: அமெரிக்கருக்கு ஓர் எல் கூடுதல், நமக்குக் குறைவு.

எந்தக் குடும்பத்திலும் சேராத தனிச்சொற்களும் உண்டு. அவற்றை மட்டும் மனனம் செய்யுங்கள்: வண்டிச் சக்கரத்து டயருக்கு ஒய், வங்கிச் செக் கியூ-யூ-ஈ என முடியும், இரட்டை மாடி வீட்டு விளம்பரத்தில் வரும் 'ஸ்டோரி' ஈ-ஒய் என முடியும், கதையைக் குறிக்கும் 'ஸ்டோரி' அப்படி முடியாது, சாம்பல் நிறத்துக்கு ஈ, நிகழ்ச்சியைக் குறிக்கும் 'புரோகிராம்' இரண்டு எம்மும் ஓர் ஈயும் பெறும், கணினி நிரலைக் குறிக்கும்போது பிரித்தானியத்திலும் ஓர் எம் மட்டுமே.

5. மலாய் வடிவத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. நமக்கு இது இல்லாமல் முடியாது. மலாய் ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு, ஒலிக்கேற்ப எழுத்துக்கூட்டலை மாற்றி எழுதுகிறது. நம் பிள்ளைகள் அவற்றை நாள் முழுதும் பலகைகளில் பார்க்கிறார்கள்.

கிளினிக் என்பது மலாயில் கே எழுத்தில் தொடங்கிக் கே எழுத்தில் முடியும். ஆங்கிலத்தில் இரண்டிடத்திலும் சி. யூனிவர்சிட்டி மலாயில் ஐ என முடியும், ஆங்கிலத்தில் ஒய். ஃபார்மசி மலாயில் எஃப்பில் தொடங்கும். டாக்சி, கவுன்டர், போலிஸ், டயர், லைசென்ஸ் ஆகிய அனைத்துக்கும் இதே கதை. இவை பிரித்தானியமா அமெரிக்கமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆங்கிலத் தாளில் நேரடிப் பிழைகள்.

அதைவிட நுட்பமான சிக்கல் மலாய் வடிவம் அமெரிக்க வடிவத்தோடு ஒத்துப்போகும் இடங்களில் இருக்கிறது. இரத்தச்சோகையைக் குறிக்கும் 'அனீமியா', 'ஹீமோகுளோபின்', குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்' ஆகியவற்றில் பிரித்தானியர் ஏ-ஈ என இரண்டு உயிரெழுத்துகளை எழுதுவர். அமெரிக்கரும் மலாயும் ஈ மட்டும் எழுதுவர். மருத்துவமனை அட்டையில் மலாயில் பார்த்ததை மாணவர் அப்படியே எழுதுகிறார். 'புரோகிராம்' என்பதும் மலாயில் ஓர் எம்மோடு நிற்பதால்தான் பள்ளி நிகழ்ச்சிக் கடிதங்களில் அது அடிக்கடி குறைபட்டு வருகிறது. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் இத்தகைய சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். புள்ளியிட்டவற்றை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

6. உச்சரிப்பில் முதலில் அழுத்தம்

எழுத்து ஓரளவு நிலைபெற்ற பிறகே நாக்குக்கு வாருங்கள். இங்கும் ஒலிகளிலிருந்து தொடங்க வேண்டாம், அசையழுத்தத்திலிருந்து தொடங்குங்கள். தமிழிலும் மலாயிலும் அசைகளுக்கு ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும். ஒலி கொஞ்சம் பிசகினாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே அவருக்கு வேறாகத் தெரியும்.

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். 'ஃபோட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாவது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவது. இந்த மூன்றையும் பத்து முறை மேசையில் தட்டித் தட்டிச் சொன்னால் விதி கைக்கு வந்துவிடும்.

ஒடுங்கிய அசைக்குரிய உயிரொலி தமிழ் எழுத்தில் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளின் நாக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது: மலாயில் 'எனாம்', 'எம்பாட்' என்று எண்ணும்போது முதலில் வரும் விழுங்கிய ஒலிதான் அது. 'அபவுட்' என்பதன் முதல் அசையும் 'டாக்டர்' என்பதன் கடைசி அசையும் அவ்வாறே ஒடுங்க வேண்டும்.

அழுத்தத்திலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. 'அட்வர்டைஸ்மென்ட்' என்பதைப் பிரித்தானியர் இரண்டாம் அசையில் ஓங்கிச் சொல்வர், அமெரிக்கர் பெரும்பாலும் மூன்றாம் அசையில். 'லபோரட்டரி' பிரித்தானியருக்கு இரண்டாம் அசை, அமெரிக்கருக்கு முதல் அசை. 'கராஜ்' இதற்கு எதிர்மாறு: பிரித்தானியருக்கு முதலில், அமெரிக்கருக்குக் கடைசியில்.

7. தமிழ் நாக்கின் பழக்கங்களைத் திருத்துங்கள்

தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வாரா. சொல்லின் கடைசியில் வல்லின மெய் நில்லாது. இந்த இரண்டு மரபுகளும் ஆங்கிலம் பேசும்போதும் நம்மை விடுவதில்லை. 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் இகரம் முளைத்து 'இஸ்கூல்' ஆகிறது. 'கேக்' என்பதற்குப் பின்னால் ஓர் உகரம் ஒட்டி 'கேக்கு' ஆகிறது. பதிவுசெய்து கேட்டால் மாணவர் தாமே சிரித்துத் திருத்திக்கொள்கிறார்.

மலாய்ப் பழக்கம் வேறு திசையில் இழுக்கிறது. மலாயில் கடைசிக் ககர மெய்யைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுகிறோம். அதே பழக்கத்தில் பை என்னும் பொருளுள்ள 'பேக்', முதுகு என்னும் பொருளுள்ள 'பேக்' இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கடைசி மெய்யைச் சொல்லி முடிப்பதுதான் நம் வட்டாரத்துப் பேச்சில் முதன்மையாகத் திருத்த வேண்டியது என்பது என் கருத்து. இறந்தகாலத்தைக் காட்டும் கடைசி ஒலி விழுந்தால் 'நேற்று நடந்தேன்' என்பது 'நேற்று நடக்கிறேன்' ஆகிவிடுகிறது.

மூன்று என்ற எண்ணைத் தொலைபேசியில் 'ட்ரீ' என்று சொன்னால் மரம் ஆகிறது. தமிழ் தகரத்தை வைத்து 'த்ரீ' என்று சொல்லுங்கள். அது முழுச் சரியான ஒலி இல்லை, ஆனால் வேறுபாடு கேட்கும். அயர்லாந்தில் பலர் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். வகரத்துக்கு இரண்டு ஒலிகள் வேண்டும்: வி எழுத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், டபிள்யூவுக்கு உதடு குவிய வேண்டும்.

குறில் நெடில் வேறுபாட்டில் நமக்குப் பெரும் வசதி உண்டு. 'ஷிப்', 'ஷீப்' என்ற வேறுபாட்டை மலாய் மட்டும் பேசி வளர்ந்தவர் பாடுபட்டுக் கற்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே குறில் நெடில் படித்த பிள்ளைக்கு அதை நினைவூட்டினால் போதும்.

ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இந்த வழிகாட்டியில் நானும் அதைத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை. ஆனால் பகரம் ஒன்றே ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நிற்கிறது. போதாததற்கு, தமிழ் எழுதும் முறையே ஊருக்கு ஊர் மாறுகிறது: நாமும் தமிழ்நாட்டாரும் 'டொரன்டோ' என எழுதும் நகரை ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என எழுதுவர். அகராதியின் ஒலிப்பதிவையே கேளுங்கள்.

8. எந்த நாட்டு உச்சரிப்பு நம்முடையது

எழுத்தில் கலப்பு கூடாது என்று சொன்ன நான், பேச்சில் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. தேர்வாளரும் நேர்காணல் செய்பவரும் எதிர்பார்ப்பது தெளிவைத்தான். ரகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கார்', 'ஹார்ட்' ஆகியவற்றில் தென் இங்கிலாந்தினரும் ஆஸ்திரேலியரும் ரகரத்தை ஒலிப்பதில்லை. அமெரிக்கர், ஸ்காட்லாந்தினர், அயர்லாந்தினர் பெரும்பாலும் ஒலிக்கின்றனர். தமிழ்ப் பிள்ளை இயல்பாக ஒலிக்கும் ரகரத்தை அடக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்; அதை நாக்கைச் சுழற்றி அமெரிக்கராக்கவும் வேண்டாம்.

ஒரு சில சொற்களில் மட்டும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதையே சொல்லிப் பழகுங்கள், தடுமாற்றம் குறையும். 'ஷெட்யூல்' பிரித்தானியம், 'ஸ்கெஜூல்' அமெரிக்கம். 'லெஷர்', 'லீஷர்' அவ்வாறே. மூலிகையைக் குறிக்கும் 'ஹெர்ப்' அமெரிக்கருக்கு 'எர்ப்'. தமிழில் 'வைட்டமின்' என எழுதுகிறோம், அமெரிக்கரும் அப்படியே சொல்வர். பிரித்தானியருக்கு அது 'விட்டமின்'. எச் எழுத்தின் பெயரை நம் நாட்டில் பலர் 'ஹெச்' என்கிறார்கள்; அகராதிகள் முதலில் தருவது 'எய்ச்'.

9. செவியைப் பல உச்சரிப்புகளுக்குப் பழக்குங்கள்

வாயில் ஒன்று போதும். காதுக்குப் பல வேண்டும். கேட்டல் தேர்விலும் தொலைபேசி வேலையிலும் எதிரே யார் பேசுவார் என்பது நம் கையில் இல்லை. முதலில் பிரித்தானிய ஒலிப்பதிவை எழுத்து வடிவத்தோடு கேளுங்கள், பிறகு எழுத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள், அதன்பின் அமெரிக்கம், அதன்பின் ஆஸ்திரேலியம். எல்லாவற்றையும் முதல் நாளே கலந்து கேட்பவர் எதையும் பிடிப்பதில்லை.

அமெரிக்கப் பேச்சில் கவனிக்க வேண்டியது இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் டகரம். அது மெலிந்து நம் ரகரத்துக்கு அருகே வந்துவிடும். 'வாட்டர்', 'பெட்டர்' என்பன தமிழ்க் காதுக்கு 'வாரர்', 'பெரர்' போலவே கேட்கும். 'டுவென்டி' பெரும்பாலும் 'டுவெனி' ஆகும்.

பெருங்குழப்பம் 'கேன்', 'கான்ட்' என்பதில் இருக்கிறது. பிரித்தானியர் எதிர்மறையில் 'கா' என நீட்டுவதால் வேறுபாடு தெளிவு. அமெரிக்கர் இரண்டிலும் ஒரே உயிரொலியைப் பயன்படுத்திக் கடைசி டகரத்தையும் விழுங்கிவிடுவர். என் மாணவி ஒருவர் தொலைபேசி நேர்காணலில், சனிக்கிழமை வர முடியாது என்று எதிரே இருந்தவர் சொன்னதை முடியும் என்று கேட்டுக்கொண்டு ஈப்போ வரை பேருந்தில் போய்த் திரும்பி வந்தார். கடைசி டகரத்தைத் தேட வேண்டாம், எடையைக் கேளுங்கள். உடன்பாட்டில் அந்தச் சொல் 'கன்' எனச் சுருங்கி ஓடிவிடும். எதிர்மறையில் அது ஓங்கி நிற்கும்.

எண்களிலும் இதே முறை: 'தர்ட்டீன்' என்பதில் பின்பகுதி நீண்டு ஓங்கும், 'தர்ட்டி' என்பதில் முன்பகுதி ஓங்கும். வேலை நேரம், சம்பளம், பேருந்து எண் ஆகியவற்றைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது யாருக்கும் இழுக்கன்று.

ஆஸ்திரேலியரின் 'டே' நமக்கு 'டை' போலவும், நியூசிலாந்தினரின் 'பென்' நமக்குப் 'பின்' போலவும் கேட்கும். அரை மணி நேரம் தொடர்ந்து கேட்டால் காது இடம்பெயர்ந்துகொள்ளும்.

10. ஊர்ப் பெயர்களை எழுத்தைப் பார்த்துப் படிக்க வேண்டாம்

பந்தாட்டம் பார்க்கும் பையன்களுக்கு 'லெஸ்டர்' தெரியும். அதன் எழுத்துக்கூட்டலைக் காட்டினால் பலர் 'லெய்செஸ்டர்' என்று படிக்கிறார்கள். 'வூஸ்டர்', 'கிரெனிச்', ஆற்றைக் குறிக்கும் 'டெம்ஸ்', 'எடின்பரா' எல்லாம் எழுத்தைக் கைவிட்டவை. அமெரிக்காவில் 'கேன்சஸ்' கடைசி எஸ்ஸை ஒலிக்கும். அதையே உள்ளே வைத்திருக்கும் 'ஆர்கன்சா' ஒலிக்காது. அகராதியில் கேட்ட பிறகே சொல்லுங்கள்.

11. அனுப்புவதற்கு முன் சரிபார்க்கும் வரிசை

கட்டுரையோ வேலை மனுவோ எழுதி முடித்தவுடன் சரிபார்க்க வேண்டாம்; ஓர் இரவு கடக்கட்டும். எழுதிய கையின் சூடு ஆறாத வரை கண் பிழையைத் தாண்டிப் போய்விடும்.

மறுநாள் ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் தேடாமல், குடும்பத்துக்கு ஒரு முறையாக ஐந்து முறை கண்ணோட்டம் விடுங்கள்: முதலில் ஓ-யூ-ஆர், பிறகு ஆர்-ஈ, பிறகு எஸ்ஸும் ஸெட்டும், பிறகு சி-ஈ எஸ்-ஈ, கடைசியாக எல். ஆறாவது முறை புள்ளியிட்ட மலாய்ச் சொற்கள். ஒரு பக்கக் கடிதத்துக்குப் பத்து நிமிடம் ஆகாது.

அதன்பின் நிறுவனப் பெயர்களை அவரவர் கடிதத்தாளில் உள்ளபடி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தேதியை எண்ணால் மட்டும் எழுத வேண்டாம்: 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதிவிட்டால் அந்த ஐயம் எழாது.